கோப்பை வந்தாயிற்று, மைதானத்துச் சாவி எப்போது வரும்?

டர்பன் வட்டாரத்துத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும், கோயில் கமிட்டிகளில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும்

வணக்கம். கோயிலை ஒட்டியிருக்கும் சங்கத்துத் திடலைப் பெண் பிள்ளைகள் ஆடவும் திறந்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2022 ஜூலை 23 சனிக்கிழமை இரவு, நம் தென்னாப்பிரிக்கப் பெண்கள் கால்பந்து அணியான பன்யானா பன்யானா, மொராக்கோவின் ரபாத் நகரில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போயிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். உங்களில் பலர் இருக்கும் வாட்ஸப் குழுவில் நானும் இருக்கிறேன். அதற்கு முந்தைய நாள் டிரினிடாடில் இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணி மேற்கிந்தியத் தீவுகளை 3 ரன்னில் ஜெயித்தது. அன்றிரவு குழுவில் கைத்தட்டலும் கொடியும் பட்டாசுப் படமும் ஓயவே இல்லை. தூங்குவதற்காகப் போனை அணைத்து வைத்தேன். மறுநாள், நாம் பிறந்து வளர்ந்து வரி கட்டும் நாடு ஒரு கண்டத்தையே ஜெயித்தது. ஞாயிறு விடியும் வரை அதே குழுவில் வந்தவை இரண்டு: கூழுக்கு மீலி மாவு (மக்காச்சோள மாவு) யார் கொண்டுவருகிறீர்கள் என்ற கேள்வி, "இனிய காலை வணக்கம்" என்று எழுதிய ஒரு பிள்ளையார் படம்.

இந்தியா ஜெயித்தால் சந்தோஷப்படக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கோலிக்காக விரதம் இருப்பவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. சனிக்கிழமை மட்டும் ஏன் எல்லோருக்கும் வாய் அடைத்துப்போனது என்பதுதான் என் கேள்வி.

பெண்களுக்கு அடைக்கவில்லை. ஆடி மாதம்; ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும் என்று சனிக்கிழமை இரவு கோயில் மடப்பள்ளியில் கூடியிருந்தோம். பூசணிக்காய் ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம், புளித்த மாவுப் பானைகள் ஒரு பக்கம். ஒருத்தி தன் போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தாள். முதல் பாதியில் கோல் இல்லை. மைதானத்தில் 45,000 பேருக்கு மேல். ஏறக்குறைய எல்லோருமே மொராக்கோவுக்காகக் கத்துகிறவர்கள். 63ஆம் நிமிடத்தில் ஹில்டா மகாயா முதல் கோலைப் போட்டார். விறகு அடுக்க உதவிக்கு வந்திருந்த பக்கத்துக் குடியிருப்பு ஜூலு அம்மா "லடூமா!" என்று போட்ட சத்தத்தில் அர்ச்சகர் எட்டிப் பார்த்தார். 71இல் மகாயாவே இன்னொன்று. 80இல் மொராக்கோவின் ரொசெல்லா அயான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஆட்டம் முடியும் வரை ஒரு பூசணிக்காயும் வெட்டுப்படவில்லை. விசில் ஊதியபோது எழுபது தாண்டிய ஓர் ஆயா, அதுவரை ஒரு கால்பந்து ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்திராதவர், கரண்டியோடு எழுந்து நின்று, "நம்ம பொம்பளப் பிள்ளைங்களா இதெல்லாம்?" என்று கேட்டார். ஆமாம் ஆயா, நம்ம பிள்ளைகள்தான் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கால்பந்தில் ஊறியவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்கள்கூட இந்த வெற்றிக்குப் பின்னால் இருக்கும் கதையைப் பேசிக் கேட்கவில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். நிறவெறி ஆட்சியின் காரணமாக உலகக் கால்பந்திலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த நாடு திரும்பச் சேர்க்கப்பட்டது 1992இல். அடுத்த ஆண்டே பெண்கள் அணி உருவாகி, சுவாசிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 14 கோல் அடித்தது. அன்று ஆடியவர்களில் ஒருவரான டெசிரே எல்லிஸ்தான் இந்தக் கோப்பையை வென்ற அணியின் பயிற்சியாளர். நடுவில் ஐந்து முறை இறுதி ஆட்டம் வரை போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்: 1995, 2000, 2008, 2012, 2018. 2000ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் நம் மண்ணில், வாஸ்லூரஸில் நடந்தது. நைஜீரியா முன்னிலையில் இருந்தபோது நம் ரசிகர்கள் கலாட்டா செய்ததில் ஆட்டமே பாதியில் நின்றுபோனது. அது அணிக்கு நேர்ந்த தோல்வி இல்லை, நமக்கு நேர்ந்த அவமானம். 2018இல் அக்ராவில் பெனால்டியில் கைவிட்டுப் போனது. இந்த முறை தொடரின் நடுவிலேயே தெம்பி கட்லானா குதிகால் நரம்பு அறுந்து வெளியேறினார். அவர் இல்லாமலே அரையிறுதியில் ஜாம்பியாவைத் தாண்டினார்கள். ஆட்டம் முடிந்துபோகும் என்றிருந்த கடைசி நிமிடங்களில் லிண்டா மோட்லாலோ பெனால்டியை உள்ளே தள்ளினார். நம் ஆண்கள் அணி இந்த ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை என்பதையும் போகிற போக்கில் நினைவூட்டிவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது சனிக்கிழமை இரவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம்.

இரண்டு ஆண்டுகள் கோவிட் கட்டுப்பாட்டில் கூழ் ஊற்றுவதே ஒப்புக்கு நடந்தது. ஜூன் கடைசியில்தான் அரசு எல்லாக் கட்டுப்பாடுகளையும் எடுத்தது. ஆகவே இந்த ஆடியில் கூட்டம் தாங்கவில்லை. வழக்கம்போலப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஜூலு குடும்பங்கள் பாத்திரத்தோடு வந்து வரிசையில் நின்றன. மாரியம்மன் கூழுக்கு யார் என்ன சாதி, என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஆரம்பித்த பழக்கம் அது, அதில் எனக்குப் பெருமைதான். வரிசையில் மஞ்சள் ஜெர்சி போட்ட ஒரு சிறுமி பந்து வைத்திருந்தாள். என்னிடம் தமிழ் படிக்கிற பிள்ளைகள் சிலர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளோடு சேர்ந்தார்கள். கோயிலை ஒட்டியிருக்கும் சங்கத்துத் திடலில் ஆட்டம் தொடங்கியது. ஒருத்தி மகாயா, ஒருத்தி கோல்கீப்பர் ஆண்டிலே டிலாமினி. மொழி தெரியாமலே சண்டையும் போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். பெரியவர்கள் சுற்றி நின்று சிரித்தோம்.

கமிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், அவர் கெட்டவர் இல்லை. "இது கோயில் இடம், பொம்பளப் பிள்ளைங்க இப்படி ஓடக் கூடாது, வெளியே போங்க" என்றார். கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மஞ்சள் ஜெர்சிக்காரி பந்தை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றாள். சரி, நாளும் கிழமையுமாய் இருக்கிறது, போகட்டும் என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன். அன்று சாயங்காலமே அதே கேட் திறந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து பேர் கால்பந்து ஆடும் நம் பையன்கள் பூட்ஸோடு உள்ளே போனார்கள். அவர்கள் ஆடுவதற்கும் நான் எதிரி இல்லை. ஆனால் அந்த மண் மதியம் புனிதமாக இருந்து சாயங்காலம் மைதானமாக மாறியது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு, "அவங்க எப்பவும் ஆடுறவங்க டீச்சர்" என்று பதில் வந்தது.

எப்பவும் ஆடுகிறவர்கள் என்பது உண்மை. நம் சமூகத்துக்கும் கால்பந்துக்கும் நூறு ஆண்டைத் தாண்டிய உறவு இருக்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியர் கால்பந்து சங்கம் தொடங்கியது 1903இல். சாம் சைனா கோப்பைக்காக மாகாணங்கள் மோதிக்கொண்ட கதைகளை எங்கள் தாத்தா தலைமுறை ராமாயணம்போலச் சொல்லும். சரியாக நூறு ஆண்டுக்கு முன்னால், 1921-22இல், ஆல்பர்ட் கிறிஸ்டோபர் தலைமையில் இங்கிருந்து ஒரு இந்திய அணி கப்பலேறிப் போய் இந்தியாவிலேயே ஆடிவிட்டு வந்தது. வெள்ளையர் மைதானங்கள் நமக்கு மூடியிருந்த காலத்தில் டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானம்தான் நமக்கு எல்லாம். ஆட்டமும் அங்கேதான், அரசியல் கூட்டமும் அங்கேதான். நிறம் பார்க்காத கால்பந்துக்காக 1951இல் இந்தியரும் ஆப்பிரிக்கரும் கலப்பினத்தவரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். அதில் டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் போன்றவர்கள் ஃபிஃபாவுக்கு மனு மேல் மனு போட்டதும் ஒரு காரணமாக, வெள்ளையர் சங்கம் 1961இல் இடைநீக்கமாகி, 1976இல் வெளியேற்றப்பட்டது. எங்கள் நிறத்துக்காரர் உள்ளே வரக் கூடாது என்று சொன்னவர்களுக்கு எதிராகப் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாதாடிய பரம்பரை நாம். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ஒரு சிறுமியின் முகத்துக்கு நேரே கேட்டைப் பூட்டுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

மேலே சொன்ன வரலாற்றில் நான் படித்த அளவில் ஆடிய பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை. ஆண்கள் ஆடினார்கள், பெண்கள் ஜெர்சி துவைத்தார்கள், ஆட்டம் முடிந்து வருகிறவர்களுக்குப் பிரியாணி கிண்டினார்கள்.

1996 உங்களுக்கு நினைவிருக்கும். பிப்ரவரி 3, சனிக்கிழமை, தைப்பூச நேரம். நம் ஆண்கள் அணியான பஃபானா பஃபானா, ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டத்தில் துனிசியாவை 2-0 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல். கேப்டன் நீல் டோவியின் 9ஆம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மண்டேலா சிரித்த சிரிப்பு. பயிற்சியாளர் கிளைவ் பார்க்கர் டர்பன்காரர் என்பதால் பாதிக் கோப்பை நமதே என்று பேசிக்கொண்டோம். எங்கள் தெருவில் காவடி அலங்காரம் செய்துகொண்டிருந்தவர்கள் மயிலிறகை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் கார் ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை. விரதக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: ஆடாதவர் ஒருவரும் இல்லை. அடுத்த ஆண்டு மானிங் ரேஞ்சர்ஸ், சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்தில் நம் கண் முன்னால் வளர்ந்த அணி, பிரீமியர் லீக்கின் முதல் பட்டத்தையே அடித்தபோது கேட்கவே வேண்டாம். கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் போன்ற பெரிய கிளப்புகள் பார்த்துக்கொண்டிருக்க, இந்தியர்கள் தொடங்கிய ஒரு கிளப்! பயிற்சியாளர் கோர்டன் இகெசுண்டைச் சாமியாகக் கும்பிடாத குறை. அந்த அணி பிறகு விற்கப்பட்டு, கேப்டவுனுக்குப் போய், பெயரும் மாறிக் கரைந்துபோனதை இன்றும் சாவு வீட்டில் பேசுவதுபோலப் பேசுகிறீர்கள்.

ஆக, ஒரு கோப்பைக்காகத் தெருவில் இறங்கி ஆடத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். இந்த முறை தெரு அமைதியாக இருந்ததற்கு நேரம் ஒரு காரணம், ஆட்டம் முடிந்தபோது நடுநிசி ஆகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பகலிலும் அமைதிதான். செவ்வாய்க்கிழமை அணி விமானத்தில் வந்து இறங்கியபோது ஜோகனஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் வுவுசேலா ஊதலும் பாட்டுமாக இருந்ததை டீவியில் பார்த்தேன். மறுநாள் குழுவில் ஒருவர் அந்தப் படத்தைப் போட்டார். அதற்குக் கீழே வந்த ஒரே மறுமொழி: "லேடீஸ் ஃபுட்பால்தானே." அதற்கு மூன்று சிரிப்பு முகங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் முகங்களும் அவற்றில் உண்டு.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை வெளிப்படையாகப் பேச நமக்குப் பிடிப்பதில்லை. சென்ற ஆண்டு இதே ஜூலையில் நடந்த கலவரத்தின்போது நம் தெருமுனைகளில் இருந்தவை டயரும் மரக்கட்டையும் போட்ட தடுப்புகள். கடைகள் கொளுத்தப்பட்டன, போலீஸ் வரவில்லை. பயந்ததில் தப்பே இல்லை, நானும் பயந்தேன். ஆனால் டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸ் பகுதியில் 36 பேர் உயிர் போனது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வழக்குகள் நடக்கட்டும், யார் செய்தார்கள் என்று நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அதைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்செடுத்தால் உடனே மைக்கில் கோளாறு வந்துவிடுகிறது. அந்த ஜூலைக்குப் பிறகு பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும் நாமும் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசிய இடங்கள் குறைவு. ஏப்ரல் வெள்ளத்தில் நம் ஹால்களில் எல்லோருக்கும் சோறு போட்டோம், அது ஒன்று. இந்தக் கூழ் வரிசை ஒன்று. மூன்றாவதாக அந்தத் திடலில் பத்து நிமிடம் ஒரு ஆட்டம் நடந்தது. சமூக நல்லிணக்கம் என்று நீங்கள் ஹாலில் நாற்காலி போட்டுக் கவுன்சிலரைக் கூப்பிட்டுப் பேச வைக்கிற எதுவும் அந்தப் பத்து நிமிடத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டாக இந்தக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கோயில் மண்ணில் பூட்ஸ் கால் படலாமா என்பீர்கள். பையன்கள் வெறுங்காலோடா ஆடுகிறார்கள்? அரைக் கால்சட்டை போட்டுக்கொண்டு பெண்கள் ஓடலாமா என்பீர்கள். உள்ளே முழுக்கால் இறுக்க உடுப்பு போட்டு ஆடலாம், உலகமெங்கும் ஆடுகிறார்கள். நெட்பால் ஆடும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போடும் பாவாடையின் நீளத்தைப் பற்றி இதுவரை எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டதாக நினைவில்லை. மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்று ஒருவர் நேராகவே கேட்டார். திடல் கர்ப்பக்கிருகம் இல்லை என்று அர்ச்சகரே பதில் சொல்லிவிட்டார், அவருக்கு என் நன்றி. இருட்டிய பிறகு எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்பது மட்டும் நியாயமான கேள்வி. இந்த நாட்டில் பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் கேள்வி அது. குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் இங்கே இருட்டிவிடுகிறது. அதனால்தான் சாயங்காலம் வேண்டாம், சனிக்கிழமை மதியம் கொடுங்கள் என்கிறேன். இரண்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடித்துவிடலாம். அந்த நேரத்தில்தான் என் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ள நான் தயார், பெற்றோர்களிடமும் பேசிவிட்டேன். சொல்லப்போனால் பந்தாட்டம் இருக்கிறது என்றால் வகுப்புக்கு வருகிறவர்கள் கூடுவார்கள். 'ஆத்திசூடி'க்காக மட்டும் சனிக்கிழமை எழுந்து வரும் பிள்ளைகளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பந்து நாலு, கோல் வலை இரண்டு, முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டைகள், ஒரு முதலுதவிப் பெட்டி. ஆண்டு விழாவில் மேடையில் இருப்பவர்கள் மேடையில் இருப்பவர்களுக்கே போட்டுக்கொள்ளும் சால்வைகளை ஓர் ஆண்டு நிறுத்திவையுங்கள், போதும்.

ஆகஸ்ட் 9 செவ்வாய்க்கிழமை பெண்கள் தினம். 1956இல் பல்லாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவில் யூனியன் கட்டடத்துக்கு நடந்துபோன நாள். வழக்கம்போலக் கோலப் போட்டி, புடவை கட்டும் போட்டி, சிறந்த தாய்க்குப் பரிசு என்று அறிவிப்பு வந்துவிட்டது. எப்படியும் ஒரு பெண் குழந்தைக்குத் தில்லையாடி வள்ளியம்மை வேடம் போட்டு மேடையில் நிறுத்துவீர்கள். வள்ளியம்மை 1913இல் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நேட்டாலுக்கு வந்து, மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல் இருந்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் செத்துப்போனாள். வயது 16. அவளைப் பற்றிப் பேசச் சொல்லி ஆண்டுதோறும் என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள். இந்த ஆண்டு நான் பேசுவதாக இருந்தால், பேச்சு முடிந்ததும் அதே வயதுப் பிள்ளைகள் திடலில் ஒரு ஆட்டம் ஆட வேண்டும்; கேட்டைத் திறந்துவிடுங்கள். முடியாது என்றால் வேறு பேச்சாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறை போன சிறுமியைப் புகழ்ந்துவிட்டுப் பூட்டின கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போக எனக்கு இனி முடியாது.

அந்த ஆட்டத்தில் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஒரு அணி, அவர்கள் ஒரு அணி என்று பிரிக்க வேண்டாம். கலந்து ஆடட்டும். அது எனக்கு இந்த மடலில் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று. நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேட்டைத் திறந்தால் நாளைக்கே நிறைய பேர் சம்மதிப்பார்கள் என்று தெரியும். அப்படித் திறப்பதற்கு நான் வரவில்லை. ஜார்ஜ் சிங்கும் மற்றவர்களும் வாதாடியது அதற்காக இல்லை.

பயிற்சி யார் கொடுப்பார்கள் என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கான தேசிய லீகில் டர்பன் லேடீஸ் என்று ஒரு அணி நம் ஊரிலேயே இருக்கிறது. ஆட்டக்காரர்களை அழைத்துப் பேசினால் வருவார்கள், கொஞ்சம் போக்குவரத்துச் செலவு கொடுங்கள். நம் பையன்களிலேயே இரண்டு பேர் சொல்லிக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். கேட்டைப் பூட்டியது அவர்களுக்கும் பிடிக்கவில்லை, உங்களிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

கோப்பை வென்றால் ஆளுக்கு 400,000 ரேண்ட் என்று கால்பந்து சங்கம் வாக்குக் கொடுத்திருக்கிறது, அரசும் தன் பங்குக்கு அறிவித்திருக்கிறது. பணம் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது ரசிகர்களின் வேலை. ஆண்களுக்குச் சமமான சம்பளம் என்ற பேச்சும் அடிபடுகிறது. அதையெல்லாம் கேட்டுத் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். ஆனால் ஜோகனஸ்பர்க்கில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பது சுலபம். ஒரு பெண் பதினாறு வயதில் தேசிய அணிக்குப் போகவேண்டும் என்றால் ஆறு வயதில் அவளுக்கு ஒரு திடல் வேண்டும். அந்தத் திடலின் சாவி ஜோகனஸ்பர்க்கில் இல்லை.

அடுத்த ஆண்டு ஜூலை 20ஆம் தேதி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெண்கள் உலகக் கோப்பை தொடங்குகிறது. பன்யானா அதற்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். மறுபடியும் ஆடி மாதம்தான். அங்கே மாலை என்றால் இங்கே காலை. 2010இல் ஆண்கள் உலகக் கோப்பைக்காகச் சங்க ஹாலில் பெரிய திரை கட்டினீர்களே, அந்தத் திரை இன்னும் பின்னறையில் சுருட்டிக் கிடக்கிறது, தூசு தட்டினால் போதும்.

பெற்றோர்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தைச் செயலாளர் அண்ணாவிடம் கொடுத்திருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இருக்கிறது; ஜூலுவில் எழுதிக் கொடுத்தது விறகு அடுக்க வந்த அந்த அம்மாவின் மகள். வருகிற கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். "பிற விஷயங்கள்" என்று கடைசியில் தள்ளி, நேரமாகிவிட்டது என்று கலைத்துவிட வேண்டாம். பெண்கள் நாங்கள் கடைசி வரை உட்கார்ந்திருப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அன்றைக்கு டீ போடும் வேலையை இளைஞர் அணியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை
சாட்ஸ்வர்த், டர்பன்
ஆகஸ்ட் 2022